வீட்டிலேயே செய்து வீட்டிலேயே சுற்றித் தரும் பண்டிகைப் பரிசுகள்: தில்லித் தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவராத்திரியில் தொடங்கிப் பொங்கல் வரை, தில்லியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் ஓய்வதில்லை. கொலுவுக்கு வருபவர்களுக்குத் தாம்பூலம், தீபாவளிக்கு எதிர்வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்துக்குப் பட்சணம், டிசம்பரில் கிறிஸ்தவ நண்பர்களுக்குப் பதில் மரியாதை, நடுவில் அலுவலகப் பரிமாற்றம் என்று வரிசை நீளும். மயூர் விகாரில் எங்கள் குடியிருப்பில் ஒவ்வோர் ஆண்டும் சில பெண்கள் கூடி இந்தப் பரிசுகளைக் கையால் செய்து வருகிறோம். அப்போது எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும், செய்து கெடுத்துக் கற்றுக்கொண்ட பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்: என்ன செய்வது என்பதையா, யாருக்கு என்பதையா?

இரண்டுக்கும் முன்னால் எத்தனை பேர் என்பதை. அழகான ஒரு மாதிரியைப் பார்த்துவிட்டு அதையே எல்லாருக்கும் செய்யத் தொடங்குவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. ஒரு பொருளுக்கு 20 நிமிடம் ஆகும் என்றால், 40 பேருக்கு 800 நிமிடம், அதாவது 13 மணி நேரத்துக்கும் மேல் ஆகும்; அலுவலகம் போய்வரும் ஒருவருக்கு அது இரண்டு வாரத்து மாலைப்பொழுதுகள். ஆகவே பெயர்ப் பட்டியலை எழுதி, அதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நாலைந்து பேருக்கு மட்டும் மெனக்கெட்ட பரிசு. மற்ற அனைவருக்கும் ஐந்து நிமிடத்தில் முடியும் ஒரே வகைப் பொருள். இந்தப் பிரிவினையில் கூச்சப்பட எதுவும் இல்லை.

கொலுவுக்கு 40 பேர் வருகிறார்கள். தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்கக் கையால் என்ன செய்யலாம்?

சுருக்குப் பை செய்யுங்கள் என்பேன். காரணம், அதற்கான துணி ஏற்கனவே உங்கள் அலமாரியில் இருக்கிறது. ஒரு வீட்டுத் தாம்பூலத்தில் வந்த ரவிக்கைத் துண்டு இன்னொரு வீட்டுக்குப் போய், அங்கிருந்து வேறொரு வீட்டுக்குப் போய், இரண்டு மூன்று ஆண்டுகளில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். யாரும் தைத்துக்கொள்ளாத அந்தத் துண்டுகளுக்கு இது ஒரு விமோசனம்.

80 செ.மீ. நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள ஒரு ரவிக்கைத் துண்டிலிருந்து 20 செ.மீ. அகலம், 40 செ.மீ. நீளம் கொண்ட பத்துத் துண்டுகள் வெட்டலாம். நான்கு ரவிக்கைத் துண்டுகள் 40 பைகளுக்குப் போதும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு குறுகிய ஓரங்களையும் உட்புறமாக 3 செ.மீ. மடித்து, நாடா நுழைவதற்கான குழலாகத் தையுங்கள். பிறகு நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்து, பக்கவாட்டில் ஒரு செ.மீ. விட்டு, குழலின் வாயை அடைக்காமல் அதற்குக் கீழேயிருந்து அடிவரை தைத்துத் திருப்பினால், ஏறத்தாழ 18 செ.மீ. அகலமும் 17 செ.மீ. உயரமும் உள்ள பை கிடைக்கும். இதில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமச் சிமிழ், ஒரு பழம் ஆகியவை அடங்கும், தேங்காய் அடங்காது. தேங்காய் வைப்பவர்கள் அளவைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வெள்ளைத் துணிக்கு மஞ்சள் சாயம் போட்டுக்கொள்ளலாமா?

போடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு நவராத்திரிக்கு மல் துணியில் மஞ்சள் சாயமேற்றிப் பைகள் தைத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து ராமகிருஷ்ணபுரத்திலிருந்து ஒரு மாமி கலக்கத்துடன் தொலைபேசியில் அழைத்தார். பையைச் சோப்புப் போட்டு ஊறவைத்திருக்கிறார். வாளியில் மஞ்சள் பை ரத்தச் சிவப்பாக மாறிக் கிடந்திருக்கிறது. பண்டிகை நாளில் பார்க்கும் காட்சியா அது!

மஞ்சள், காரம் பட்டால் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமமும் ஆரத்தி நீரும் செய்வது இதே இயல்பைக் கொண்டுதான். நல்ல தண்ணீரில் அலசி எலுமிச்சம்பழம் பிழிந்ததும் மஞ்சள் நிறம் திரும்பியது. ஆனால் வெயில் பட்டால் மஞ்சள் சாயம் வெளுத்தும் போகும். எனவே சாயமேற்றியே ஆக வேண்டும் என்பவர்கள், துணியை முதலில் படிகார நீரில் ஊறவைத்து, பிறகு மாதுளம்பழத் தோலைக் கொதிக்கவைத்த நீரில் போட்டெடுக்கலாம். சற்று அடங்கிய மஞ்சளாக வந்தாலும் இன்னும் கொஞ்ச காலம் நிற்கும்.

தாள், நாடா, விளக்கு போன்றவற்றை எங்கே வாங்குவது?

தாளுக்குச் சாவ்ரி பஜார். மயூர் விகாரிலிருந்து நீல வழித்தடத்தில் ராஜீவ் சௌக் வந்து, மஞ்சள் வழித்தடத்துக்கு மாறினால் இரண்டாவது நிறுத்தம். கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே காகித மொத்த வியாபாரிகள் இருப்பார்கள். பலர் சில்லறையாகத் தருவதில்லை. ‘தஸ்தா’ என்று கேட்டால் வழக்கமாக 24 தாள் கொண்ட கட்டைத் தருவார்கள். இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து வாங்கினால் வீணாகாது. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் செய்யப்படும் கைக்காகிதமும் தில்லியில் தாராளமாகக் கிடைக்கிறது.

ஜரிகை, கோட்டா நாடா, குஞ்சம் ஆகியவற்றுக்குச் சாந்தினி சௌக்கில் தரீபாவை ஒட்டிய கினாரி பஜார். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கடைக்குள் ஒதுங்க வேண்டிய அளவுக்குக் குறுகலான தெரு. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அங்கே போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். மண் விளக்குகளுக்கு உத்தம் நகர் கும்ஹார் கிராமம்; அங்கே குயவர் குடும்பங்கள் வீட்டு வாசலிலேயே அடுக்கி வைத்து விற்கிறார்கள்.

பளபளக்கும் கிஃப்ட் பேப்பர் வாங்கலாமா?

வேண்டாம். ஒரு துண்டைக் கையில் கசக்கிப் பாருங்கள். கையை விட்டதும் தானாக விரிந்துகொண்டால் அதில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது என்று பொருள். அதைப் பழைய பேப்பர்காரரும் எடுத்துக்கொள்ள மாட்டார். மேலும், இனிப்புப் பெட்டிகளின் மேல் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் உறை 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்களில் ஒன்று; அலங்காரத்துக்குப் பயன்படும் தெர்மோகோலும் அதே பட்டியலில் இருக்கிறது. கடையில் இன்னும் கிடைக்கிறது என்பதால் வாங்கிவிடாதீர்கள்.

பழுப்புத் தாள் என்றால் 70 முதல் 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை கனமுள்ளதைக் கேளுங்கள். கைக்காகிதத்தில் 120 ஜி.எஸ்.எம்.முக்கு மேல் போனால் மூலை மடிப்பில் வெடிக்கும்.

ஒரு பெட்டிக்கு எவ்வளவு தாள் வெட்ட வேண்டும்? எனக்கு எப்போதும் ஒன்று குறைகிறது, அல்லது பாதி வீணாகிறது.

கண்ணளவை நம்புவதால் வரும் தொல்லை இது. பெட்டியைச் சுற்றி வரும் பக்கத்துக்கு, அகலத்தையும் உயரத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கி, ஒட்டுவதற்கு 3 செ.மீ. சேர்த்துக்கொள்ள வேண்டும். மற்றொரு பக்கத்துக்கு, பெட்டியின் நீளத்தோடு உயரத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டினால் போதும். எடுத்துக்காட்டாக, 20 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் உள்ள ஓர் இனிப்புப் பெட்டிக்கு 41 செ.மீ.க்கு 28 செ.மீ. அளவில் ஒரு துண்டு வேண்டும். கடையில் விற்கும் 50க்கு 70 செ.மீ. தாளில் இரண்டு பெட்டிகளைச் சுற்றிவிடலாம்; மிஞ்சும் பட்டைகள் பெயர்ச் சீட்டுக்கு ஆகும்.

அளவு சரியாக இருந்தும் சிலருடைய பொட்டலம் தொளதொளவென்று இருப்பதற்குக் காரணம் முனை மடிப்பு. பெட்டியைத் தலைகீழாகத் தாளின் நடுவில் வைத்து, தாளை இழுத்துப் பிடித்து நடுவில் ஒட்டுங்கள். இப்போது ஒரு முனையில் குழாய்போல் நீட்டிக்கொண்டிருக்கும் தாளில், இடது வலது ஓரங்களை முதலில் பெட்டியின் பக்கச் சுவரோடு ஒட்ட உள்ளே தள்ளுங்கள். மேலும் கீழும் இரண்டு சரிவக நாக்குகள் உண்டாகும். இந்த இடத்தில் அவசரப்படாமல், கட்டைவிரல் நகத்தாலோ இரும்பு ஸ்கேலின் விளிம்பாலோ ஒவ்வொரு சரிவையும் அழுத்தித் தேய்த்து மடிப்பைக் கூர்மையாக்க வேண்டும். மேலிருக்கும் நாக்கைக் கீழே மடக்கி, அடியிலிருக்கும் நாக்கின் நுனியை ஒரு செ.மீ. உள்ளே மடித்துவிட்டு மேலே கொண்டுவந்து ஒட்டினால், வெட்டிய ஓரம் எங்கும் வெளியே தெரியாது. டேப்பைக் காட்டிலும் இருபக்க டேப் சுத்தமாக இருக்கும்.

முறுக்கு டின் வட்டமாக இருக்கிறதே?

சுற்றளவுக்கு விட்டத்தை 3.14ஆல் பெருக்கி 3 செ.மீ. கூட்டுங்கள், உயரத்துக்கு டின்னின் உயரத்தோடு விட்டத்தைக் கூட்டுங்கள். 14 செ.மீ. விட்டமும் 16 செ.மீ. உயரமும் உள்ள டின்னுக்கு 47க்கு 30 செ.மீ. வரும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தாளை விசிறி மடிப்பாக, புடவைக் கொசுவத்தைப்போல ஒன்றன்மேல் ஒன்றாக நடுப்புள்ளியை நோக்கி மடித்துக்கொண்டே போய், சந்திக்கும் இடத்தில் ஒரு வட்டச் சீட்டை ஒட்டி மறைத்துவிடலாம். பொறுமை இல்லாதவர்கள் டின்னைத் துணியில் கட்டிவிடுவது நல்லது.

துணியில் கட்டினால் மூட்டைபோல் இருக்காதா?

மூட்டைதான். ஜப்பானியர்கள் ஃபுரோஷிகி என்ற பெயரில் செய்வதும் மூட்டைதான். வேறுபாடு துணியின் அளவிலும் முடிச்சின் இடத்திலும் இருக்கிறது. பொருளின் நீளம், சதுரத் துணியின் மூலைவிட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருக்க வேண்டும். 55 செ.மீ. சதுரத்தின் மூலைவிட்டம் 78 செ.மீ.; ஆகவே 25 செ.மீ. வரை நீளமுள்ள பெட்டி அதில் அடங்கும். ஐந்தரை மீட்டர் நீளமும் 115 செ.மீ. அகலமும் உள்ள ஒரு பழைய புடவையிலிருந்து இத்தகைய சதுரங்கள் இருபது கிடைக்கும். கிழிந்த இடம் போக 15 எடுத்தாலும் லாபம்தான். சின்னாளப்பட்டியோ, கட்டம் போட்ட நெகமமோ, பருத்திப் புடவையாக இருந்தால் முடிச்சு வழுக்காது; பட்டும் பாலியஸ்டரும் நழுவும்.

துணியைச் சாய்சதுரமாக விரித்து, பெட்டியை நடுவில் குறுக்காக வைத்து, உங்களுக்கு அருகிலுள்ள மூலையை மேலே போட்டு அடியில் செருகுங்கள். எதிர் மூலையை அதன்மேல் இழுத்துப் போடுங்கள். இடமும் வலமும் மிஞ்சியவற்றை இழுத்து இரட்டை முடிச்சிடுங்கள். முதல் முடிச்சில் மேலே வந்த முனை, இரண்டாம் முடிச்சிலும் மேலேயே இருந்தால் முடிச்சு தட்டையாகப் படுக்கும். மாறினால் கோணலாக நிற்கும்.

தாளில் வீட்டிலேயே அச்சுப் போடுவது எப்படி?

வெண்டைக்காயைக் குறுக்காக நறுக்கினால் வெட்டிய முகமே ஐந்திதழ்ப் பூவாக இருக்கும். வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, தட்டில் பரப்பிய போஸ்டர் கலரில் லேசாகத் தொட்டு அழுத்த வேண்டும். முற்றிய காய் நன்றாக வரும், பிஞ்சு நசுங்கும். பழுப்புத் தாளில் வெள்ளை வண்ணம் மாக்கோலத்தைப்போல எடுப்பாகத் தெரியும்.

பட்சணத்தைப் பெட்டியில் போட்டால் நமத்துப் போகிறது. என்ன தவறு?

சூடு முழுதும் ஆறாமல் மூடியிருப்பீர்கள். எண்ணெயிலிருந்து எடுத்த முறுக்கையும் தட்டையையும் விரித்துப் பரப்பி, குறைந்தது இரண்டு மணி நேரம் விட்ட பிறகே அடுக்க வேண்டும். மேலே வெதுவெதுப்பு போயிருந்தாலும் குவியலின் நடுவில் ஆவி இருக்கும். உள்ளே பட்டர் பேப்பர் விரியுங்கள். செய்தித்தாள் கூடாது, அச்சு மை உணவில் ஏறும் என்பதால், உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ஆம் ஆண்டு விதிகளிலேயே அதை உணவைச் சுற்றப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. மைசூர்பாகையும் முறுக்கையும் ஒரே பெட்டியில் வைத்தால் முறுக்கு நெய் வாசனை ஏறித் தளர்ந்துவிடும். நடுவில் தடுப்பு வையுங்கள், அல்லது இரண்டு பெட்டியாகக் கொடுங்கள்.

வடஇந்திய அண்டை வீட்டாருக்குப் பருப்புப் பொடி கொடுக்கலாமா?

தாராளமாக. ஆனால் எப்படிச் சாப்பிடுவது என்று இரண்டு வரி இந்தியில் எழுதி ஒட்டுங்கள். எங்கள் எதிர்வீட்டு அம்மையார் முதல் முறை அதைப் பராட்டாவுக்குள் வைத்துச் சுட்டுவிட்டார். சாப்பிட்டுப் பார்த்தபிறகு நாங்களும் இப்போது அப்படியே செய்கிறோம். தீபாவளி மருந்தைக் கொடுக்கும்போது அந்தச் சீட்டு இன்னும் அவசியம். இனிப்பு என்று நினைத்து ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டால் இஞ்சியும் மிளகும் ஓமமும் சேர்ந்து கண்ணில் நீர் வரவழைக்கும்.

பழைய கண்ணாடிப் பாட்டிலில் கொடுப்பவர்கள், லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரித்துவிட்டு, மிஞ்சும் பசையைத் தேங்காய் எண்ணெயும் சமையல் சோடாவும் குழைத்துத் தேய்த்து எடுக்கலாம். ஊறுகாய் இருந்த பாட்டிலின் மூடியில் வாசனை போகவே போகாது, மூடியை மாற்றுங்கள்.

மண் அகலை அலங்கரித்துக் கொடுக்கலாமா, மெழுகுவர்த்தி செய்யலாமா?

அகல் என்பேன். காவியைக் குழைத்துப் பூசி, உலர்ந்தபின் அரைத்த அரிசி மாவால் புள்ளியும் கோடும் இட்டால் செம்மண் கோலம் போட்ட வாசலே கைக்குள் வந்ததுபோல் இருக்கும். அகலை முதலில் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்திய பிறகு பூசுங்கள். தண்ணீர் குடித்த மண் எண்ணெயை அவ்வளவாக உறிஞ்சாது. திரி எரியும் மூக்கில் எந்தப் பூச்சும் வேண்டாம். மெழுகு உருக்குவதானால் நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துத்தான் உருக்க வேண்டும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடிபோட்டு அணைக்க வேண்டும்.

மூலிகைத் தலைமுடி எண்ணெய் காய்ச்சிக் கொடுக்க நினைக்கிறேன்.

நவராத்திரிக்குச் சரி. டிசம்பரில் என்றால் வாய் அகன்ற பாட்டிலில் கொடுங்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குறுகிய கழுத்துப் பாட்டிலில் இருந்தால் வாங்கியவர் தில்லிக் குளிர் முழுவதும் அதை அலமாரியில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சென்னைக்கு எடுத்துச் செல்லும் பரிசை இங்கேயே சுற்றிவிடலாமா?

விமானத்தில் போவதானால் சுற்றாதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் பிரிக்கச் சொல்லக்கூடும். துணிமூட்டையாகக் கட்டினால் அவிழ்த்துக் காட்டிவிட்டு மறுபடி கட்டிக்கொள்ளலாம். விளக்குப் பரிசோடு அழகுக்காகத் தீப்பெட்டி வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அது கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. தபாலிலும் அனுப்ப முடியாது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் பயணம். தட்டை நொறுங்கும், சீடை தாங்கும். அகல்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும்போது நடுநடுவே பழைய துணி வையுங்கள்.

குழந்தைகளை எதில் சேர்த்துக்கொள்ளலாம்?

வெண்டைக்காய் அச்சிலும் பசை காய்ச்சுவதிலும். ஒரு பங்கு மைதாவை நான்கு பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடிபோல் ஆகும்வரை கிளறினால் நல்ல பசை. அடுப்புப் பக்கம் பெரியவர் நிற்க வேண்டும். சுவரொட்டிக்காரர்களைப்போல மயில்துத்தம் சேர்க்காதீர்கள், அது நஞ்சு. ஒரு சிட்டிகை படிகாரம் போதும்; இரண்டு நாளைக்கு மேல் வைக்க வேண்டாம்.

நாளைக்குத் தீபாவளி, இன்று மாலை மட்டும்தான் இருக்கிறது. எட்டுப் பேர். என்ன செய்ய?

கால் கிலோ பருப்புப் பொடி அரைத்து எட்டுச் சிறிய பாட்டில்களில் போடுங்கள். பழைய பருத்தித் துப்பட்டாவை எட்டு வட்டமாக வெட்டி, மூடியின்மேல் போர்த்தி, சணல் கயிற்றால் கட்டுங்கள்; ஓரம் பிசிறினால் அப்படியே இருக்கட்டும். சீட்டில் பெயரையும் அரைத்த தேதியையும் எழுதுங்கள். துவரம்பருப்பை முன்கூட்டியே கருகவிடாமல் வறுத்து ஆறவைத்துவிட்டால், ஒன்பது மணிக்குள் மிக்ஸியைக் கழுவிக் கவிழ்த்துவிடலாம்.